நாலாம் நம்பர் படகு

1941 பிப்ரவரி 19, புதன். நியூயார்க், புரூக்ளின் துறை.

பழைய நோட்டு கடலில் போய்விட்டது. இந்தப் புது நோட்டை, கப்பலில் ஏறி வந்த வியாபாரி ஒருவனிடம் இரண்டு பொட்டலம் தேயிலை கொடுத்து மாற்றிக்கொண்டேன். முதல் பக்கத்தில் பெயர் எழுதுவது என் வழக்கம். தஸ்நேவிஸ் வாஸ், வயது முப்பத்து நான்கு, ஊர் தூத்துக்குடி. எஸ்.எஸ். டார்ன்ஹோப் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் பண்டாரி. என்னையும் சேர்த்து இந்தக் கப்பலில் இந்தியக் கலாசிகள் நாற்பது பேர். அவர்களுக்குச் சோறு பொங்குவது என் வேலை.

நேற்று வந்து கட்டினோம். வெள்ளைக்காரர்கள் பதினாலு பேரும் சவரம் செய்துகொண்டு ஊருக்குள் போய்விட்டார்கள். நாங்கள் இறங்கக் கூடாது. ஆசியாக்காரக் கலாசிகள் இந்த நாட்டு மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று சட்டமாம். ஏணிக்குக் கீழே ஒரு காவலாள் நின்று எங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

மற்றவர்கள் எல்லாரும் கொழும்பில் ஏறியவர்கள். நான் மட்டும் நவம்பரில் இங்கிலாந்தில் ஏறினேன். பழைய பண்டாரிக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் விட்டதால் எனக்கு இடம் கிடைத்தது.

சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டும் சலேத்து எங்கள் ஊர்க்காரன். இன்று உருளைக்கிழங்கு உரிக்க உதவி செய்துகொண்டே கேட்டான்: “ரேமண்டு அண்ணன் இப்போ எந்தக் கப்பல்ல இருக்காவ?”

“வேற கப்பல்ல” என்றேன்.

ரேமண்டு என் அக்காள் பிரகாசியின் புருஷன். அக்காளுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

பிப்ரவரி 22, சனி.

சரக்கு ஏறுகிறது. துப்பாக்கிப் பெட்டிகள், தோட்டா, பீரங்கிச் சக்கரங்கள், டப்பா டப்பாவாகப் பால். சரக்கு ஏற்றுகிறவர்களில் வால்டர் என்று ஒரு கறுப்பர். வயது ஐம்பது இருக்கும். என் அடுப்பருகே நின்று குளிர் காய்வார். நான் தேநீர் கொடுப்பேன், அவர் பழைய செய்தித்தாள் கொடுப்பார்.

“எல்லாம் உங்கள் நாட்டுச் சாமான். ஏன் உங்கள் கப்பலில் அனுப்பவில்லை?” என்று கேட்டேன்.

“நாங்கள் சண்டையில் இல்லை. எங்கள் கப்பல் சண்டைக் கடலுக்குள் போகக் கூடாது என்று சட்டம்” என்றார். “காசில்லாமலே இங்கிலாந்துக்கு ஆயுதம் கொடுக்கலாமா என்று இப்போது ஒரு மசோதா வந்திருக்கிறது. பெரியவர்கள் விடிய விடியப் பேசுகிறார்கள்.”

கொடுக்கிறவன் ஒருவன், வாங்குகிறவன் ஒருவன். நடுவில் சுமக்கிறவனைப் பற்றி அந்தச் செய்தித்தாளில் ஒரு வரியும் இல்லை. இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு அதையே அடுப்புப் பற்றவைக்கப் போட்டேன்.

பிப்ரவரி 26, விபூதிப் புதன்.

துறைக்கு எதிரே மாதா கோயில் கோபுரம் தெரிகிறது. மணியும் கேட்கிறது. காவலாளிடம், “அரை மணி நேரம் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு வருகிறோம். நீயும் கூட வா” என்றேன். அவன் கழுத்திலும் சிலுவை தொங்கியது. பாவம், முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினான்.

என் அடுப்பில் சாம்பலுக்கா பஞ்சம்? நானே அள்ளி நெற்றியில் இட்டுக்கொண்டு எங்கள் வேதத்து ஆட்கள் பதினோரு பேருக்கும் இட்டேன். சாரங்கு சேகனா காக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காயல்பட்டினத்து மரைக்காயர். காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். எங்கள் எல்லாருக்கும் மேஸ்திரி, என்னைத் தவிர மற்றவர்களை ஊரில் திரட்டிக் கப்பலேற்றியவர். முப்பத்தைந்து வருஷம் கடலில் இருந்தவர்.

“கரி மிச்சம் பாத்துப் பூசும்வே, பண்டாரி. அடுப்பெரிக்க வேணும்” என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 1, சனி.

ஊர்ப் பெண்கள் சங்கம் ஒன்றிலிருந்து கம்பளிச் சட்டை, கையுறை, மப்ளர் எல்லாம் வந்தன. ‘பிரிட்டிஷ் கடலோடிகளுக்கு அன்புடன்’ என்று ஒவ்வொரு கட்டிலும் சீட்டு. வெள்ளைக்காரர்கள் பதினாலு பேருக்கும் கொடுத்தது போக இரண்டு மூட்டை மிச்சமிருந்தது. அது சாமான் அறைக்குள் போய்ப் பூட்டப்பட்டது.

சலேத்து கோணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு விஞ்சு ஓட்டுகிறான்.

மார்ச் 4, செவ்வாய்.

அக்காளிடமிருந்து கடிதம். கம்பெனி மூலம் மூன்று மாதம் சுற்றி வந்திருக்கிறது. ‘உனக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன், அவருக்குப் படித்துக் காட்டு’ என்று தொடங்குகிறது.

அரிசியில் புழு. புடைத்தே பொழுது போயிற்று.

மார்ச் 6, வியாழன்.

கப்பலில் நாலு உயிர்ப்படகு. முன்பக்கம் ஒன்றும் இரண்டும் அதிகாரிகளுக்கு. பின்பக்கம் மூன்றும் நாலும் எங்களுக்கு. மூன்றாம் நம்பர் புயலில் அடிபட்டு அடியில் பலகை விட்டுவிட்டது. பழுது பார்க்கக் கரைக்கு எடுத்துப் போனவர்கள், இனி அடுத்த தடவைதான் என்று சொல்லிவிட்டார்களாம். ஆக, நாற்பது பேருக்கும் நாலாம் நம்பர் ஒன்றுதான். நெருக்கி உட்கார்ந்தால் கொள்ளும்.

தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். துடுப்பு ஆறும் இருக்கிறது. தண்ணீர்ப் பீப்பாய் காலி. நானே நிரப்பினேன். பண்டாரிக்கு என்ன இந்த வேலை என்று சாரங்கு கேட்டார். நான் பீப்பாயின் மூடியை இறுக்கினேன்.

மார்ச் 8, சனி.

விமானங்கள் வந்துவிட்டன. இறக்கையைக் கழற்றி உடம்பை மட்டும் பெட்டியில் அடைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் எங்கள் தெருவில் ஒரு வீடு அளவு. ஆறு பெட்டிகள். கீழே இடமில்லாததால் மேல்தளத்திலேயே வைத்துச் சங்கிலி போட்டார்கள். ஐந்து சரி. ஆறாவதைக் கொண்டுவந்து நாலாம் நம்பர் படகுக்கு முன்னால் வைத்துவிட்டார்கள்.

படகைத் தூக்கி வெளியே கடல் பக்கம் தள்ளுகிற இரும்புக் கைகள் இரண்டும் பெட்டியில் முட்டி நிற்கின்றன. ஒரு சாண்கூட அசையாது. முட்டுகிறதா என்று நானே தள்ளிப் பார்த்தேன். முட்டுகிறது.

மார்ச் 9, ஞாயிறு.

நான் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவன். இந்த நாற்பது பேரில் இங்கிலீஷ் சரளமாகப் பேசத் தெரிந்தவன் நான்தான். அதனால் முறையிடப் போனேன். வேறு காரணம் இல்லை. வம்பு வளர்க்கிறவன் இல்லை நான்.

கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான முதல் மேட் மிஸ்டர் பிரைஸ் நல்லவர் என்றுதான் சொல்வேன். வந்து பார்த்தார். பெட்டியைத் தட்டினார்.

“பெட்டியை இங்கிலாந்தில் இறக்குகிற வரைக்கும்தானே தஸ்நேவிஸ்? ஆபத்து வந்தால் முன்பக்கப் படகுகளுக்கு வந்துவிடுங்கள். பதினாலு பேர்தானே நாங்கள்? இடமிருக்கும்.”

“இடமிருக்கும்” என்று அவர் சொன்னதும் நான் திரும்பி இரும்புக் கையை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தேன்.

கேப்டனிடம் சொல்லச் சொன்னேன். சொன்னாராம். பெட்டி இருக்கிற இடத்தில் இருக்கும் என்று பதில் வந்தது.

மார்ச் 10, திங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கேப்டனின் பதிலை எல்லாரிடமும் சொன்னேன். புதன் காலை புறப்பாடு. அதற்குள் பெட்டி நகராவிட்டால் கயிறு அவிழ்ப்பதில்லை, கொதிகலனுக்குக் கரி தள்ளுவதில்லை என்று சலேத்துதான் முதலில் கத்தினான். நான் மறுக்கவில்லை.

சாரங்கு தட்டைக் கீழே வைத்தார்.

“சண்ட நேரத்துல வேலையை நிறுத்துனா செயிலு. தெரியுமாவே உமக்கு? நான் கூட்டியாந்த ஆளுவ நீங்க. ஊர்ல ஒங்க பொஞ்சாதி புள்ளைவளுக்கு ஆரு பதில் சொல்றது?”

“செத்தா மட்டும் ஆரு பதில் சொல்வா காக்கா?” என்றேன்.

“படச்சவன் விதிச்சபடி.”

“பெட்டியை அங்க வச்சது படச்சவன் இல்ல காக்கா. கிரேன்.”

அவர் எழுந்து போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. சோற்றை வீணாக்குகிற மனிதர் இல்லை அவர்.

மார்ச் 11, செவ்வாய்.

மசோதா சட்டமாகிவிட்டதாம். வால்டர் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். துறையில் ஒரே ஊதல், கைதட்டல். மிஸ்டர் பிரைஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவர் ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. சந்தோஷப்படாமல் எப்படி இருப்பார்? எனக்கும் கோபமில்லை. துப்பாக்கி போகட்டும், பால் போகட்டும், விமானமும் போகட்டும். நான் கேட்பது படகுக்கு இரண்டு கெஜம் வழி.

பருப்பு, முட்டைக்கோஸ். மிளகாய்ப் பொடி தீர்ந்துவிட்டது.

மார்ச் 12, புதன்.

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குப் புறப்பாட்டுக்கு மணி அடித்தது. நாங்கள் முப்பத்தொன்பது பேரும் இரண்டாம் கிடங்கின் மூடிமேல் போய் உட்கார்ந்தோம். பனி தூறிக்கொண்டிருந்தது. கொதிகலன்காரர்களும் கரி படிந்த முகத்தோடு மேலே வந்துவிட்டார்கள். சாரங்கு ஒருவர் மட்டும் கேப்டன் பக்கத்தில் நின்றார்.

கேப்டன் லோரிமர் நெடிய மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். “சாரங், விசிலை ஊதி ஆட்களைக் கூப்பிடு” என்றார்.

காக்கா விசிலை வாயருகே கொண்டுபோனார். எங்களைப் பார்த்தார். நாலாம் நம்பரைப் பார்த்தார். பிறகு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “மூச்சு வரல, சாப்” என்றார். மெதுவாக நடந்து வந்து எங்களோடு கிடங்கு மூடிமேல் உட்கார்ந்தார். சலேத்து தன் கோணியை எடுத்து அவர் தோளில் போட்டான்.

கேப்டன் என்னைக் கூப்பிட்டார்.

“என் மகள் லண்டனில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். அந்தப் பெட்டியில் இருப்பது ஒரு நாள் தாமதமானால் அங்கே எத்தனை பேர் சாவார்கள் தெரியுமா?”

“பெட்டியை இறக்கச் சொல்லவில்லை சார். நகர்த்தச் சொல்கிறோம்.”

“முன்பக்கப் படகில் இடம் தருவதாக மேட் சொன்னாரே.”

இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். ஆனாலும் சொன்னேன். இங்கிலீஷில் சொல்லிவிட்டு, எங்கள் ஆட்களுக்காகத் தமிழிலும் சொன்னேன். “போன அக்டோபரில் நான் இருந்த கப்பல் முங்கிச்சு. அதிலயும் எங்க படகுக்கு முன்னால மரக்கட்டை அடுக்கியிருந்தாவ. அதிலயும் ‘இடமிருக்கும்’னாவ. முன்பக்கப் படகு பாதி காலியாப் போச்சு. முப்பத்தாறு பேருல நாலு பேர்தான் மிச்சம்.”

சலேத்து எழுந்துவிட்டான். “ரேமண்டு அண்ணன்?”

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கேப்டன் கரைக்கு ஆளனுப்பினார். பத்து மணிக்குக் குடியேற்ற அதிகாரி ஒருவரும் இரண்டு போலீஸ்காரர்களும் ஏறி வந்தார்கள். எங்களைக் கரையில் இறக்கிச் சிறையில் வைக்க வேண்டும் என்றார் கேப்டன்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். “இவர்கள் கரையில் இறங்கக் கூடாதே” என்றார்.

“அதனால்தான் சொல்கிறேன், சிறையில்...”

“சிறையும் கரையில்தான் இருக்கிறது, கேப்டன். இறக்க வேண்டுமென்றால் தலைக்குத் தலை உங்கள் கம்பெனி ஜாமீன் எழுத வேண்டும். வாஷிங்டனுக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். அதுவரை கப்பலை ஓட்ட உங்களிடம் வேறு நாற்பது பேர் இருக்கிறார்களா?”

நான் இதைத் தமிழில் சொன்னதும் கிடங்கு மூடிமேல் சிரிப்பு வெடித்தது. மூன்று வாரமாக எங்களைக் கட்டிப்போட்ட சட்டம் இப்போது கேப்டனைக் கட்டிப்போட்டது. “எறங்கக் கூடாதுன்னு சட்டம் போட்ட மவராசன் நல்லா இருக்கட்டும்!” என்று சலேத்து கத்தினான். அழுதுகொண்டே கத்தினான்.

கீழே துறையில் வால்டரும் அவர் ஆட்களும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஒரு மணி நேரம் போதும், கேப்டன்! கிரேன் சும்மாதான் நிற்கிறது!” என்று வால்டர் குரல் கொடுத்தார்.

பகல் பன்னிரண்டுக்கு ஆறாவது பெட்டி எழும்பியது. வைக்க வேறு இடமில்லை. கேப்டன் நிற்கிற மேடைக்கு நேர் முன்னால் வைத்தார்கள். இனிக் கப்பலின் மூக்கைப் பார்க்க வேண்டுமானால் அவர் கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் இரும்புக் கைகளைத் தள்ளி, படகைக் கடல் பக்கம் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து வைத்தோம். மூன்று தடவை.

கேப்டன் பதிவேட்டில் நாற்பது பெயரையும் எழுதிக்கொண்டார். இங்கிலாந்தில் விசாரணை உண்டு என்றார். “எழுதிக்கோங்க சார். எழுத்துப்பிழை இல்லாம எழுதிக்கோங்க” என்று தமிழில் சொன்னேன். இங்கிலீஷில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்.

விடிந்ததும் புறப்பாடு. அதற்கு முன் அக்காளுக்குக் கடிதம் எழுதினேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு.

எழுதியதன் சாரம் இது. கப்பல் மூழ்கியபோது மச்சானும் நானும் ஒரே மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். முன்பக்கப் படகு எங்களைத் தாண்டிப் போயிற்று. நான் இங்கிலீஷில் கத்தினேன். துடுப்பை நீட்டினார்கள், நான் பிடித்துக்கொண்டேன். மச்சானுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் தமிழில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்கும் சேர்த்து நான் கத்தியிருக்க வேண்டும். என் வாயில் உப்புத் தண்ணீர் இருந்தது என்று முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். தண்ணீர் இருந்தது நிஜம்தான். ஆனால் அது காரணமில்லை.

வால்டர் விமானத் தபாலில் சேர்ப்பதாக வாங்கிக்கொண்டார். கூடவே எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். மிளகாய்ப் பொடி. எங்கே பிடித்தாரோ.

மார்ச் 18, செவ்வாய். கனடா, ஹாலிபாக்ஸ்.

போர்க்கப்பல் காவலோடு கூட்டமாகக் கடல் கடக்கும் கான்வாய்க்குக் காத்திருக்கிறோம். பூட்டியிருந்த கம்பளி மூட்டை இரண்டையும் மிஸ்டர் பிரைஸ் தானே தூக்கி வந்து எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் பேசாமல் போனார். காக்காவுக்குக் கிடைத்தது பச்சைக் கோடு போட்ட மப்ளர். முகம் சுளித்துக்கொண்டே கட்டிக்கொண்டார்.

மார்ச் 24, திங்கள்.

அலை. அடுப்பில் பானை நிற்கவில்லை, கம்பியால் கட்டிச் சமைத்தேன். முப்பத்தெட்டுக் கப்பல்கள் என்கிறார்கள். பனியில் நாலுதான் தெரிகிறது.

ஏப்ரல் 5, சனி. இங்கிலாந்து. துறைமுகத்தின் பெயர் எழுதக் கூடாதாம்.

நோட்டை மெழுகுத்துணியில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தேன். ஓரம் மட்டும் நனைந்திருக்கிறது.

மார்ச் 31, திங்கள், மதியம் இரண்டு மணி. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். டார்பிடோ முன்பக்கம் அடித்தது. அடுப்பு பெயர்ந்து வந்து என் எதிரே நின்றது. வெளியே ஓடினால் முன்பக்கப் படகு இரண்டும் இல்லை. ஒன்று தூளாகிவிட்டது, இன்னொன்று கவிழ்ந்து தொங்கியது.

நாலாம் நம்பர் இருந்தது.

யாரும் ஓடவில்லை, முட்டவில்லை. தளம் சரிந்துகொண்டிருந்தது. காக்கா பின்பக்கக் கயிற்றடியில் நின்று, “நெருக்கி இரிங்க, நெருக்கி இரிங்க” என்று ஒவ்வொருவராக ஏற்றினார். இரும்புக் கைகள் வெளியே போயின. படகை இறக்க மேலே இரண்டு பேர் நின்று கயிறு விட வேண்டும். முன்கயிற்றில் சலேத்து, பின்கயிற்றில் காக்கா. படகு தண்ணீரைத் தொட்டதும் இருவரும் கயிற்றைப் பிடித்துச் சறுக்கி வர வேண்டும். சலேத்து வந்தான். காக்கா கையைக் கயிற்றில் வைத்தார். கப்பல் ஒரு உலுக்கு உலுக்கி எழும்பியது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் அவர் இல்லை.

கூப்பிட்டோம். எல்லாரும் கூப்பிட்டோம்.

தண்ணீரில் தலைகள் தெரிந்தன. யார் எந்த மொழியில் கத்துகிறார் என்று பார்க்கவில்லை, எட்டியதையெல்லாம் இழுத்தோம். மிஸ்டர் பிரைஸ், பீரங்கிக்காரர் இரண்டு பேர், ரேடியோக்காரர். ஒருவர் மடியில் ஒருவர். கேப்டனும் மூன்று பேரும் ஒரு மிதவையில் இருந்தார்கள். கயிறு வீசிப் படகோடு கட்டிக்கொண்டோம். வெள்ளைக்காரர்களில் மற்ற ஆறு பேரைக் காணவில்லை. கொதிகலன் அறையில் இருந்த எங்கள் ஆட்கள் ஐந்து பேர் மேலே வரவேயில்லை. அவர்கள் பெயர்களைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு நாள். நான் ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் அளந்து கொடுத்தேன். அதிகாரிக்கும் அதே மடக்கு. இரண்டாம் நாள் காலை மிதவையில் இருந்தவர்களையும் படகுக்குள் ஏற்றிக்கொண்டோம். கேப்டனுக்கு உட்கார இடம் விட்டவன் சலேத்து.

புதன் மதியம் ஒரு நாசகாரிக் கப்பல் வந்தது. ஒல்லியாக, வரிசையாக நாலு புகைபோக்கி. தீவுகளில் தளம் போட இடம் வாங்கிக்கொண்டு அமெரிக்கா இங்கிலாந்துக்குக் கொடுத்த ஐம்பது பழைய கப்பல்களில் அதுவும் ஒன்று என்று மிஸ்டர் பிரைஸ் சொன்னார். பழசோ புதுசோ, அதன் சூப் சூடாக இருந்தது.

விமானம் ஆறும் கடலடியில்.

ஏப்ரல் 11, பெரிய வெள்ளி.

கலாசிகள் விடுதிக்குக் கம்பெனியின் மேலாளர் வந்தார். பெயர் ஹால்ஸ்டெட். பதிவேடு மூழ்கினாலும் நியூயார்க்கிலிருந்து தந்தி வந்திருக்கிறதாம். சும்மா விட்டால் எல்லாத் துறைமுகத்திலும் இதே கதை நடக்குமாம். ஆனால் எங்கள்மேல் அவருக்கு இரக்கமாம். ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

படித்தேன். ‘சாரங்கு சேகனா எங்களைத் தூண்டினார். அவர் பேச்சைக் கேட்டு நாங்கள் ஏமாந்தோம். வருந்துகிறோம்.’

“அவர் இறந்துவிட்டார். அவருக்கு இனி ஒரு நஷ்டமும் இல்லை” என்றார் ஹால்ஸ்டெட். “கையெழுத்துப் போட்டால் வழக்கு இல்லை.”

மற்றவர்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். சலேத்து காகிதத்தைத் திருப்பி, அழகாக நாலாக மடித்து, அவர் தொப்பிக்குள் வைத்துவிட்டான்.

“இன்று எங்களுக்கு விரத நாள் சார். டீ கொடுக்க முடியாது” என்றேன்.

ஏப்ரல் 13, ஈஸ்டர்.

கோயிலுக்குப் போனேன். கூரை பாதி இல்லை. பூசை நடந்தது.

ஏப்ரல் 17, வியாழன்.

நீதிமன்றம். காலையில் எல்லாருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனோம்.

கட்டளையை மீறினீர்களா என்று நீதிபதி கேட்டார். மீறினோம் என்றேன். தூண்டியது யார் என்றார்.

“நான். சாரங்கு எங்களைத் தடுத்தார். கடைசியில்தான் எங்களோடு வந்து உட்கார்ந்தார். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.”

மிஸ்டர் பிரைஸைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கட்டளை சட்டப்படியானதுதானா என்று ஹால்ஸ்டெட்டின் வக்கீல் கேட்டார்.

“சட்டப்படியானதுதான்” என்றார் பிரைஸ். “அதற்கு இவர்கள் கீழ்ப்படிந்திருந்தால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் இங்கே நிற்கமாட்டேன். கேப்டனும் நிற்கமாட்டார்.”

கேப்டன் லோரிமர் பின்வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீதிபதி அவரைப் பார்த்தார். அவர் எழுந்து, “மேட் சொல்வது உண்மை” என்றார். குரலை உயர்த்தாத அந்த மனிதர் அதை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நீதிபதி வெகுநேரம் எழுதினார். பிறகு என்னிடம், “வருந்துகிறாயா? வருத்தம் தெரிவித்தால் எச்சரித்து விட்டுவிடுகிறேன்” என்றார்.

வருத்தம் எனக்கு உண்டு. ஐந்து கொதிகலன்காரர்களுக்காக உண்டு, காக்காவுக்காக உண்டு, மச்சானுக்காக உண்டு. அவர் கேட்டது அதையல்ல.

“இல்லை, ஐயா. இன்னொரு பெட்டி வைத்தால் இன்னொரு தடவை உட்காருவோம்.”

எனக்குப் பதினாலு நாள் சிறை. மற்றவர்களுக்கு எச்சரிக்கை மட்டும். படியிறங்கும்போது சலேத்து, “அந்த ஜெயில்ல சோறு ஆரு பொங்குதாவளோ, பாத்துச் சாப்பிடுங்கண்ணே” என்றான்.

மே 1, வியாழன்.

விட்டுவிட்டார்கள். உருளைக்கிழங்கை வேகவைக்கக்கூடத் தெரியவில்லை அவர்களுக்கு.

விடுதியில் அக்காளின் தந்தி காத்திருந்தது. ‘கடிதம் கிடைத்தது. நீ வீட்டுக்கு வா. பிரகாசி.’ அவ்வளவுதான். வா என்று எழுதியிருக்கிறாள். இருபது தடவை படித்தேன்.

மே 6, செவ்வாய்.

ஐந்து நாளாகக் குண்டு. காலையில் தெருவில் நடந்தால் கண்ணாடிமேல்தான் நடக்க வேண்டும். ஒரு கிழவி இடிந்த வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்று பார்த்ததும், “என்ன பார்க்கிறாய்? சாப்பிட வேண்டாமா?” என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. துப்பாக்கியும் பாலும் இவளுக்குத்தான் போகிறது என்றால், கொண்டுவந்து போடலாம்.

கப்பலேறும் ஆபீசில் என் கடலோடிப் புத்தகத்தைப் புரட்டிய குமாஸ்தா ஜெயிலுக்காகப் போட்ட சிவப்பு முத்திரையைக் காட்டி, “இதோடு உன்னை எவன் எடுப்பான்?” என்றான்.

“நான் எடுக்கிறேன்” என்று பின்னாலிருந்து குரல். மிஸ்டர் பிரைஸ். புதுக் கப்பலில் முதல் மேட். மறுபடியும் நியூயார்க், மறுபடியும் இதே சரக்கு. அங்கிருந்து திரும்பிய பிறகு இந்தியா போகும் கப்பலில் ஏற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். சலேத்துவும் இன்னும் பன்னிரண்டு பேரும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து என்று சொல்லியிருக்கிறார்களாம்.

பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

“படகுகளைப் பார்க்க வேண்டும் சார்.”

“நானே பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது.”

“நானும் பார்க்க வேண்டும்.”

குமாஸ்தா வாயைப் பிளந்தான். மிஸ்டர் பிரைஸ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். இருவரும் துறைக்கு நடந்தோம். நாலு படகையும் தார்ப்பாய் விலக்கிப் பார்த்தேன், நாலையும் வெளியே தள்ளிப் பார்த்தேன். முட்டவில்லை. இரண்டாம் நம்பரில் ஒரு துடுப்பு குறைகிறது. மூன்றாம் நம்பரில் தண்ணீர்ப் பீப்பாய் காலி.

“நாளைக்கு இதைச் சரி செய்யுங்கள் சார்” என்றேன். “நாளை மறுநாள் நாங்கள் பதினாலு பேரும் வந்து கையெழுத்துப் போடுகிறோம்.”